பேசாமல் இருக்கத் தெரிந்தவர்

கிடர்பூரில் நாங்கள் குடியிருந்த காலத்தில் வீட்டில் இருந்த ஒரே வெளிநாட்டுப் பொருள் ஒரு ரேடியோ. கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்த அப்பா, போனஸ் வந்த மாதம் ஃபேன்சி மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கியது. அந்தக் காலத்து ஃபேன்சி மார்க்கெட்டை அறிந்தவர்களுக்கு மேல்விளக்கம் தேவையில்லை. துறைமுகத்தை ஒட்டிய கடைத்தெரு. கப்பலில் வந்ததெல்லாம் அங்கே கிடைக்கும். ரசீது மட்டும் கிடைக்காது.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் அப்பா அந்த ரேடியோவின் முள்ளை நகர்த்தி உலகத்தைத் தேடுவார். கல்கத்தா வானொலியில் 'மியூசிக்கல் பேண்ட் பாக்ஸ்'. இரைச்சலுக்கு நடுவே இலங்கை வானொலியின் தமிழ். பிறகு வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் வில்லிஸ் கானோவர் நிறுத்தி நிறுத்திப் பேசி வழங்கும் ஜாஸ் இசை. அப்பாவுக்கு ஜாஸ் பிடித்திருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அறிவிப்பாளர்களை எடைபோடுவதில் கெட்டிக்காரர். "வாய் இருக்கிறவன் எல்லாம் பேசுவான். எங்கே வாயை மூடணும்னு தெரிஞ்சவன்தான் ரேடியோக்காரன்" என்பார்.

அப்பா சொன்னதன் பொருள் எனக்கு முழுதாக விளங்கியது வெகு நாள் கழித்து, ஓர் ஆங்கிலேயரின் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டபோதுதான். அவர் பெயர் ஹம்ஃப்ரி லிட்டில்டன். நேயர்களுக்கு வெறும் 'ஹம்ஃப்'. தொழில் டிரம்பெட் வாசிப்பது. பிரிட்டனில் ஜாஸ் வேரூன்றக் காரணமானவர்களில் ஒருவர். பி.பி.சி. வானொலியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஜாஸ் நிகழ்ச்சி வழங்கினார். அது போதாதென்று முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியின் தலைவராகவும் இருந்தார். அந்த நாட்டில் அவர் எதற்காக அதிகம் நேசிக்கப்பட்டார் என்று கேட்டால், வாசித்ததற்கா பேசியதற்கா என்று பட்டிமன்றம் வைக்கலாம். என் தீர்ப்பு வேறு. வாசிக்கும்போதும் பேசும்போதும் அவர் விட்ட இடைவெளிகளுக்காக.

லிட்டில்டன் 1921 மே 23 அன்று பிறந்தார். பிறந்த இடமே ஈட்டன் பள்ளி வளாகம். பிரிட்டனின் பிரதமர்களை வரிசையாகத் தயாரித்து அனுப்பும் அந்தப் பள்ளியில் அவருடைய அப்பா ஆசிரியர். குடும்பமோ பழைய பிரபுக் குடும்பம். பார்லிமெண்டை வெடிவைத்துத் தகர்க்க 1605-இல் சதி செய்தவர்களுக்கு ஒளிய இடம் கொடுத்ததற்காக அடுத்த ஆண்டு மரண தண்டனை பெற்ற முன்னோர் ஒருவர் அக்குடும்பத்தில் உண்டு. அவர் பெயரும் ஹம்ஃப்ரி லிட்டில்டன்தான். இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை வங்கிக்கோ ராணுவத்துக்கோ வெளியுறவுத் துறைக்கோ போவது வழக்கம். இவர் 1936-இல், லார்ட்ஸ் மைதானத்தில் ஈட்டன் பள்ளியின் கிரிக்கெட் போட்டி நடந்துகொண்டிருந்தபோது, அம்மாவை அழைத்துக்கொண்டு நழுவி, சேரிங் கிராஸ் சாலையில் ஒரு டிரம்பெட் வாங்கிக்கொண்டு வந்தார். குரு என்று யாரும் இல்லை. லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் இசைத்தட்டுகள்தாம் குரு. நம்மூரில் இதை ஏகலைவ வித்தை என்போம். கட்டைவிரல் தப்பியது.

பள்ளி முடிந்ததும் வேல்ஸில் போர்ட் டால்பட் எஃகு ஆலையில் கொஞ்ச காலம் இருந்தார். உருக்கு உலைக்கும் தொழிலாளர் குடியிருப்புக்கும் நடுவே வாழ்ந்த அந்த மாதங்கள் அவரை வாழ்நாள் முழுக்க இடதுசாரிச் சாய்வுள்ளவராக்கின. பிறகு உலகப் போர். கிரெனேடியர் கார்ட்ஸ் படையில் அதிகாரி. 1943-இல் இத்தாலியின் சலேர்னோ கடற்கரையில் இறங்கியபோது ஒரு கையில் கைத்துப்பாக்கியும் மறுகையில் டிரம்பெட்டும் இருந்தன என்று சொல்வார்கள். எதை அதிகம் பயன்படுத்தினார் என்பது வரலாற்றில் இல்லை.

1945 மே 8. ஐரோப்பாவில் போர் முடிந்த நாள். லண்டனில் பக்கிங்ஹாம் அரண்மனை முன்னால் ஜனசமுத்திரம். அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஓர் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் ஏறி நின்று ஓர் இளைஞர் டிரம்பெட் வாசித்துக்கொண்டிருந்தார். வெற்றி விழாவை ஒலிபரப்ப வந்த பி.பி.சி.யின் மைக், மக்களின் ஆரவாரத்தோடு சேர்த்து அந்த டிரம்பெட்டையும் பிடித்துக்கொண்டது. வாசித்தவர் லிட்டில்டன். வானொலியில் அவருடைய முதல் நிகழ்ச்சி அதுதான். அவருக்கும் தெரியாது, பி.பி.சி.க்கும் தெரியாது. அந்தப் பதிவு இன்றும் இருக்கிறது.

கிடர்பூரில் வளர்ந்த எனக்கு இந்த இடத்தில் வேறொரு ஜாஸ்காரரின் நினைவு வராமல் போகாது. லண்டன் கொண்டாடிய அந்த நாளுக்குப் பதின்மூன்று நாள் முன்னால், 1945 ஏப்ரல் 25 அன்று, கல்கத்தாவில் ஒரு பியானோ கலைஞர் காலராவில் இறந்துபோனார். டெடி வெதர்ஃபோர்ட். வயது 41. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பிறந்த கறுப்பர். நியூ ஆர்லியன்ஸில் ஜாஸ் பியானோ கற்று, சிகாகோவில் பேர் வாங்கியவர். அங்கே எர்ஸ்கின் டேட் குழுவில் 1926-இல் அவர் பதிவுசெய்த இசைத்தட்டுகளில் கூடவே டிரம்பெட் ஊதியவர் சாட்சாத் லூயி ஆர்ம்ஸ்ட்ராங். லிட்டில்டன் தொலைவிலிருந்து வணங்கிய குருவுக்கு வெதர்ஃபோர்ட் பக்கத்து நாற்காலிக்காரர்.

அதன்பிறகு வெதர்ஃபோர்ட் ஆசியாவுக்குக் கப்பலேறினார். ஷாங்காயில் புகழோடு வாழ்ந்தார். பம்பாயில் தாஜ்மகால் ஹோட்டலில் வாசித்தார். போர்க்காலத்தில் சௌரங்கியின் கிராண்ட் ஹோட்டலுக்கு வந்து சேர்ந்தார். அந்தக் கல்கத்தாவை இன்று கற்பனை செய்வது கஷ்டம். தெருவில் பஞ்சத்தில் செத்து விழும் மக்கள். ஹோட்டல்களில் விடுமுறைக்கு வந்த வெளிநாட்டுச் சிப்பாய்கள். 1892-இல் திறக்கப்பட்ட கிடர்பூர் கப்பல்துறையில் இரவுபகலாகப் போர்த் தளவாட இறக்குமதி. 1943 டிசம்பர் 5 அன்று ஜப்பானிய விமானங்கள் அந்தக் கப்பல்துறைமீது பட்டப்பகலில் குண்டு வீசின. கூலித் தொழிலாளர்கள் ஏராளமானோர் மாண்டார்கள். எங்கள் காலத்திலும் குடியிருப்புப் பெரியவர்கள் அந்தப் பகலைப் பற்றிப் பேசுவார்கள். சொல்லிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்திவிடுவார்கள்.

அந்த நகரத்தில் வெதர்ஃபோர்ட் குழு வாசித்தது. ஆங்கிலோ இந்தியர்களும், பர்மாவிலிருந்து தப்பி வந்தவர்களும் அவரோடு வாசித்தார்கள். வணிகக் கப்பல் ஒன்றில் வேலைபார்த்தபடி கல்கத்தா வந்து இறங்கிய ஜிம்மி விதர்ஸ்பூன் என்ற இளைஞர் அந்தக் குழுவோடு சேர்ந்து பாடினார். பின்னாளில் அமெரிக்காவின் பெரிய ப்ளூஸ் பாடகர்களில் ஒருவரானார். அமெரிக்க ராணுவ வானொலி இந்தக் குழுவின் நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து ஒலிபரப்பியது. அமெரிக்க ராணுவத்தில் அப்போது வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிப் பிரிவுகள். ஆனால் வானொலி அலைக்குத் தனி வரிசை தெரியாது. பர்மா எல்லையில் காட்டுக்குள் சாலை போட்டுக்கொண்டிருந்த கறுப்புச் சிப்பாயின் முகாமுக்கும், அவனோடு ஒரே மேஜையில் சாப்பிட மறுத்தவனின் முகாமுக்கும் அது ஒன்றுபோலவே போகும்.

ஆர்ம்ஸ்ட்ராங்கின் இசை உலகம் முழுக்கப் பரவியபோது அதைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தவர் வெதர்ஃபோர்ட். லண்டனில் பற்றிக்கொண்டவர் லிட்டில்டன். இருவரையும் வானொலி எடுத்துக்கொண்டது. ஒருவருக்குக் கல்கத்தாவின் தண்ணீர் எமனாயிற்று. மற்றவருக்கு முதுமை கிடைத்தது. மைக்கின் முன்னால் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டுப் பேசுவதற்கு அது வேண்டியிருந்தது.

போர் முடிந்தபின் லிட்டில்டன் ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். 1949 முதல் சில ஆண்டுகள் 'டெய்லி மெயில்' பத்திரிகையில் கார்ட்டூனிஸ்ட். அவர் குழுவில் கிளாரினெட் வாசித்த வாலி ஃபாக்ஸும் அதே பத்திரிகையின் கார்ட்டூனிஸ்ட். பகலில் படம், இரவில் இசை. 1956-இல் அவர் பதிவுசெய்த 'பேட் பென்னி ப்ளூஸ்' பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 19-ஆம் இடம் வரை போனது. பிரிட்டிஷ் ஜாஸ் இசைத்தட்டு ஒன்று முதல் இருபதுக்குள் வந்தது அதுவே முதல் தடவை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து பீட்டில்ஸ் குழுவினர் வெளியிட்ட 'லேடி மடோனா'வின் பியானோவைக் கேட்டுவிட்டு இதைக் கேட்டால், தாய்வீடு எது என்று சொல்லிவிடலாம்.

அவர் வாழ்க்கையில் எனக்கு மிகப் பிடித்த சம்பவம் 1953-இல் பர்மிங்ஹாமில் நடந்தது. பழைய நியூ ஆர்லியன்ஸ் பாணி ஜாஸை மட்டுமே வேதமாகக் கருதிய ரசிகர்கள் அப்போது பிரிட்டனில் ஏராளம். லிட்டில்டன் தன் குழுவில் புரூஸ் டர்னர் என்ற ஆல்ட்டோ சாக்ஸஃபோன் கலைஞரைச் சேர்த்தார். பழைய பாணியில் அந்த வாத்தியத்துக்கு இடமில்லையாம். கச்சேரியில், 'அசிங்கம் பிடித்த நவீனனே, வீட்டுக்குப் போ' என்ற பொருளில் ஒரு பதாகையைத் தூக்கிப் பிடித்துவிட்டார்கள். சாக்ஸஃபோனில் கர்நாடக இசையா என்று ஒரு காலத்தில் முகம் சுளித்த நம் சபாக்களை நினைத்துக்கொள்ளுங்கள். கத்ரி கோபால்நாத்துக்கு யாரும் பதாகை பிடிக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். லிட்டில்டன் டர்னரை அனுப்பவில்லை. ரசிகர்களோடு சண்டைக்கும் போகவில்லை. தொடர்ந்து வாசித்தார். சனாதனிகள் போனார்கள், வேறு ரசிகர்கள் வந்தார்கள். எண்பதை நெருங்கும்போது ரேடியோஹெட் என்ற ராக் குழுவின் இளைஞர்கள் உதவி கேட்டுக் கடிதம் எழுத, போய் வாசித்துக் கொடுத்துவிட்டு வந்தார். 2001-இல் வெளிவந்த அவர்களுடைய 'அம்னீசியாக்' தொகுப்பின் கடைசிப் பாட்டில் அவருடைய டிரம்பெட் அழுகிறது.

1967-இல் பி.பி.சி.யில் 'தி பெஸ்ட் ஆஃப் ஜாஸ்' தொடங்கினார். 2008 மார்ச் வரை அவரே வழங்கினார். புதுசும் பழசும் அதில் அக்கம்பக்கமாக உட்காரும். தான் வாசிக்கும் கலையைப் பற்றிப் பேசும்போது இரண்டு விபத்துகள் நேரும். ஒன்று பாடம் நடத்துவது, மற்றொன்று பழம்பெருமை. இவர் இரண்டிலும் சிக்கவில்லை. இசைத்தட்டை அறிமுகப்படுத்துவார், எதைக் கவனிக்க வேண்டும் என்று ஓரிரு வாக்கியம் சொல்வார், விலகிக்கொள்வார்.

ஆனால் வீட்டுக்கு வீடு அவரைக் கொண்டுபோனது 1972 ஏப்ரல் 11 அன்று தொடங்கிய இன்னொரு நிகழ்ச்சி. 'ஐ'ம் சாரி ஐ ஹேவன்ட் எ க்ளூ'. மன்னிக்கவும், எனக்கு ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். வானொலியில் வினாடி வினா நிகழ்ச்சிகள் பெருகிக் கிடந்த காலத்தில், அவற்றைக் கிண்டல் செய்யவே கிரேம் கார்டன் என்ற நகைச்சுவை நடிகர் உருவாக்கியது. இரண்டு அணி, நான்கு பேர், ஒரு தலைவர். அசட்டுத்தனமான போட்டிகள். மதிப்பெண் கிடையாது. ஆனால் மதிப்பெண் எழுத சமந்தா என்ற பெண் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாகத் தலைவர் தவறாமல் சொல்வார். சமந்தா என்று யாரும் அங்கே இல்லை. நேயர்களுக்கும் அது தெரியும். ஆனாலும் எல்லோரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

ஒரு போட்டியை மட்டும் சொல்கிறேன். ஒரு பாட்டின் சொற்களை இன்னொரு பாட்டின் மெட்டில் பாட வேண்டும். இதற்கு விளக்கமே தேவையில்லை. அதுதான் வேடிக்கை. தலைவர் ஒவ்வொரு முறையும் மந்தபுத்திக்காரர்களுக்குச் சொல்வதுபோலச் சுற்றிவளைத்து உவமை எல்லாம் கொடுத்து விளக்குவார். பியானோவில் மெட்டு வாசிக்கும் கோலின் செல்லுக்கும் போகிறபோக்கில் ஒரு குட்டு விழும். தமிழர்களுக்கு இந்தப் போட்டி புரிவது மிகச் சுலபம். ஆடி மாதத்தில் ஒலிபெருக்கி கட்டிய தெருவில் குடியிருந்த எவருக்கும், அம்மன் பாட்டு எந்தச் சினிமா மெட்டில் வருகிறது என்று கண்டுபிடித்த அனுபவம் இருக்கும். அவர்களுக்கு அது விளையாட்டு. நமக்கு அது ஒரு தொழில்துறை.

லிட்டில்டனின் பாணி என்ன? அவர் நகைச்சுவையாளரைப் போல நடந்துகொள்ளவே மாட்டார். எங்கோ ரயிலைத் தவறவிட்டுவிட்டு வேறு வழியில்லாமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவரின் தோரணை. அலுப்பான குரல். முன்னால் வைத்த காகிதத்தை, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று தனக்கே தெரியாதவர் போல வாசிப்பார். காகிதத்தில் இருப்பதோ விஷமம். பெரும்பாலும் இரட்டை அர்த்தம். கூட்டம் வெடித்துச் சிரிக்கும். அவர் நிறுத்துவார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாத அப்பாவியாகக் காத்திருப்பார். அந்த மௌனத்தில் இரண்டாவது சிரிப்பு கிளம்பும். அது முதல் சிரிப்பைவிடப் பெரியதாக இருக்கும்.

தமிழ் படித்தவர்களுக்கு இரட்டுற மொழிதல் புதிதல்ல. தண்டியலங்காரம் சிலேடையைச் செம்மொழி, பிரிமொழி என்று இரண்டாகவே பிரித்து இலக்கணம் சொல்கிறது. சொல் அப்படியே நின்று இரண்டு பொருள் தந்தால் செம்மொழி. பிரித்துப் படித்தால் வேறு பொருள் வந்தால் பிரிமொழி. காளமேகம் இரண்டிலும் கொடிகட்டிப் பறந்தவர். காளமேகத்தின் சிலேடையை இன்றைக்குப் பலர் மேடையில் ஒப்பிக்கிறார்கள். பாட்டைச் சொன்னவுடனே விளக்கத்துக்குத் தாவிவிடுகிறார்கள். கேட்பவருக்கு அந்த இரண்டாவது பொருள் தானாக உதிக்க ஒரு விநாடி வேண்டும். அதைக் கொடுப்பதில்லை. சிலேடை செத்து, பதவுரை மிஞ்சுகிறது.

லிட்டில்டனுக்கு அந்த ஒரு விநாடியின் அளவு தெரிந்திருந்தது. அது இசையிலிருந்து வந்தது என்றே நினைக்கிறேன். நம் சங்கீதத்தில் 'எடுப்பு' என்று ஒன்று உண்டு. தாளம் தொடங்கும் இடத்திலேயே பாட்டும் தொடங்க வேண்டும் என்றில்லை. கொஞ்சம் தள்ளி எடுப்பதில்தான் பல கீர்த்தனைகளின் அழகே இருக்கிறது. தாளம் விழுந்துவிட்டது, பாடகர் இன்னும் வாய் திறக்கவில்லை. அந்த அரை இடத்தில் ரசிகனின் மூச்சு நின்று கிளம்பும். ஜாஸிலும் அதேதான். ஆர்ம்ஸ்ட்ராங் ஸ்வரத்தை எதிர்பார்த்த இடத்தில் போடாமல் ஒரு மயிரிழை தள்ளிப் போடுவார். லிட்டில்டன் பதினைந்து வயதிலிருந்து தேயத் தேயக் கேட்டது அதைத்தான். டிரம்பெட்டில் பழகியதை நாக்குக்குக் கொண்டுவந்தார்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. பின்னாளில் அவர் வாசித்த அந்தக் காகிதங்களை எழுதியவர் அவரல்ல, இயன் பாட்டின்சன் என்ற எழுத்தாளர். இதைத் தெரிந்துகொண்டபோது முதலில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. யோசித்தபோது அதுவே ஆறுதலானது. தியாகராஜர் எழுதியதைப் பாடுகிறவரை நாம் கடன்காரர் என்பதில்லை. ஸ்வரம் யாருடையதாகவும் இருக்கட்டும், அது விழும் இடம் பாடகருடையது. மொழிபெயர்ப்பில் இருபது ஆண்டு ஓட்டிவிட்ட என்னைப் போன்றவர்களுக்கு இதைவிடத் தெம்பு தரும் சேதி என்ன இருக்க முடியும்? நாங்களும் அடுத்தவர் எழுதிய காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள்தாம்.

தெம்பு வந்த வேகத்தில் ஒரு காரியம் செய்தேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பத்திரிகையின் சிறப்பிதழுக்காக, இந்த நிகழ்ச்சியின் சில பகுதிகளைத் தமிழில் பெயர்த்தேன். இரட்டை அர்த்தங்களுக்கு ஈடான தமிழ்ச் சொற்களைத் தேடி நாட்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டேன். சிலவற்றுக்குக் கிடைக்கவும் செய்தது. அனுப்பி வைத்தேன். இரண்டு நாளில் ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா சிரிப்பு எங்கே?"

கோபம் வந்தது. பிறகு அச்சுப் பிரதியை நானே உரக்கப் படித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. சொற்கள் எல்லாம் வந்திருந்தன. லிட்டில்டன் நிறுத்திய இடம் எதுவும் வரவில்லை. மௌனத்தை எப்படி அச்சடிப்பது? மூன்று புள்ளி வைக்கலாம். மூன்று புள்ளி வைத்த இடத்தில் இதுவரை யாரும் சிரித்ததாகத் தகவல் இல்லை. நான் பெயர்க்க வேண்டியது சொல்லை அல்ல, எடுப்பை. வாக்கியத்தை எங்கே முறிப்பது, பயனிலையை எவ்வளவு தாமதப்படுத்துவது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதில் அது இருக்கிறது. தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதால் தாமதிப்பதற்கு நம் மொழியே வசதி செய்து கொடுத்திருக்கிறது. அந்த வசதியை நான் பயன்படுத்தவே இல்லை. ஆங்கிலம் சிரிக்கும் இடத்திலேயே தமிழையும் சிரிக்கச் சொல்லியிருந்தேன். கட்டுரை வெளிவரவில்லை. அதில் எனக்கு இப்போது வருத்தமும் இல்லை. மொழிபெயர்ப்பைப் பற்றி நான் கற்ற உருப்படியான பாடம் அந்த ஒரு கேள்விதான்.

இன்றைய பண்பலை வானொலியை நினைத்தாலும் இதுவே தோன்றுகிறது. சென்னையில் கேட்டாலும் கொல்கத்தாவில் கேட்டாலும், மொழிதான் வேறு. மூச்சுவிடாத பேச்சு ஒன்றேதான். கெட்டிக்கார இளைஞர்கள்தாம், சொல்வளமும் இருக்கிறது. ஆனால் ஒரு விநாடி சும்மா இருந்தால் நேயர் வேறு அலைவரிசைக்கு ஓடிவிடுவார் என்று யாரோ அவர்களைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். பாட்டு முடிந்து அதன் கடைசி ஸ்வரம் காதில் தங்குவதற்குள் அடுத்த விளம்பரம் வந்துவிடுகிறது. லிட்டில்டன் நேயரை நம்பினார். நேயர் ஓடவில்லை.

அந்த நம்பிக்கையின் உச்சம் என்று 'மார்னிங்டன் கிரெசென்ட்' ஆட்டத்தைச் சொல்லலாம். 1978-இல் நிகழ்ச்சியில் சேர்ந்தது. ஆட்டக்காரர்கள் மாறி மாறி லண்டனில் உள்ள இடங்களின் பெயரைச் சொல்ல வேண்டும். முதலில் 'மார்னிங்டன் கிரெசென்ட்' என்று சொல்பவர் வென்றவர். அது லண்டன் பாதாள ரயிலில் ஒரு சின்ன நிலையம். விதிகள்? அப்படி எதுவும் கிடையாது. ஆனால் ஏகப்பட்ட விதிகள் இருப்பது போலவும், தொன்மையான நூல்கள் இருப்பது போலவும், செய்த நகர்வு சாஸ்திரப்படி செல்லுமா என்பது போலவும் முகத்தை இறுக்கிக்கொண்டு விவாதிப்பார்கள். தலைவர் தீர்ப்பு வழங்குவார். விதிகளைக் கேட்டு நேயர்கள் கடிதம் எழுதினார்கள். நாட்டுக்கே தெரிந்த ரகசியத்தை யாரும் உடைக்கவில்லை. முதல் நகர்விலேயே அந்தப் பெயரைச் சொல்லி ஜெயித்துவிடலாமே என்று கேட்பீர்கள். ஜெயிக்கலாம். ஆனால் அதில் என்ன இருக்கிறது? எப்போது சொல்லாமல் இருக்க வேண்டும், எந்தக் கணத்தில் சொல்ல வேண்டும் என்பதுதானே ஆட்டம்.

1992 அக்டோபரில் அந்த ரயில் நிலையத்தை லிஃப்ட் வேலைக்காக மூடினார்கள். ஆண்டுகள் ஓடின. திறப்பார்களா என்பதே சந்தேகமானது. ரயில் அங்கே நிற்கவில்லை. ஆனால் வானொலியில் வாரா வாரம் யாராவது ஒருவர் அங்கே போய்ச் சேர்ந்துகொண்டே இருந்தார். கடைசியில் 1998 ஏப்ரல் 27 அன்று நிலையம் மறுபடி திறக்கப்பட்டபோது விழாவுக்கு லிட்டில்டனும் நண்பர்களும் போயிருந்தார்கள். அந்த அணியில் நெடுநாள் இருந்து 1996-இல் இறந்த வில்லி ரஷ்டனின் நினைவாக 2002-இல் அங்கே ஒரு பலகை வைத்தார்கள். விதியே இல்லாத ஒரு விளையாட்டின் ஆட்டக்காரருக்கு ரயில் நிலையத்தில் நினைவுப் பலகை!

லிட்டில்டன் 2008 மார்ச்சில் ஜாஸ் நிகழ்ச்சியிலிருந்து விடைபெற்றார். அடுத்த மாதம் இதயத்தருகே ரத்தக்குழாய் வீக்கத்துக்கான அறுவை சிகிச்சைக்குச் சேர்ந்தவர், ஏப்ரல் 25 அன்று இறந்தார். வயது 86. அதே ஏப்ரல் 25-தான், அறுபத்துமூன்று ஆண்டுக்கு முன் வெதர்ஃபோர்ட் கல்கத்தாவில் இறந்த தேதி. இதில் அர்த்தம் ஒன்றும் தேட வேண்டாம். தேதிகள் சில சமயம் இப்படி ஒன்றின்மேல் ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். லிட்டில்டனுக்கு நாடே அஞ்சலி செலுத்தியது. வெதர்ஃபோர்டின் பெயரைக் கிடர்பூரில் சொன்னால் ஏதோ கப்பல் கம்பெனி என்று நினைப்பார்கள்.

நான் தமிழில் பெயர்த்ததில் உருப்பட்டது ஒன்றே ஒன்று. அது அச்சில் வரவில்லை. மார்னிங்டன் கிரெசென்ட் ஆட்டத்தை அப்பாவுக்கு விளக்கியபோது, லண்டன் அவருக்கு வேண்டாம் என்றார். கல்கத்தா டிராம் நிறுத்தங்களை வைத்துக்கொண்டோம். கடைசிப் பெயர் எது என்பதில் கருத்து வேறுபாடே வரவில்லை. கல்கத்தாவின் முதல் மின்சார டிராம் 1902 மார்ச்சில் எஸ்பிளனேடிலிருந்து புறப்பட்டுப் போய்ச் சேர்ந்த இடமே கிடர்பூர்தான். மைதானத்தின் மரங்களுக்கு நடுவே போகும் அந்த 36-ஆம் எண் டிராமில்தான் அப்பா எங்களை ஞாயிற்றுக்கிழமைகளில் அழைத்துப் போவார். 2020-இல் ஆம்பன் புயலில் மரங்கள் விழுந்து கம்பிகள் அறுந்தபின் அந்தத் தடம் நின்றுபோயிற்று.

அப்பா இப்போது மயிலாடுதுறையில் என் அக்கா வீட்டில் இருக்கிறார். இரண்டு வருடம் முன்பு பக்கவாதம் வந்தது. பேச்சு முழுதாகத் திரும்பவில்லை. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே வெகுநேரம் ஆகிறது. டாக்டர் பேச்சுப் பயிற்சி சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாலையில் தொலைபேசியில் நாங்கள் டிராம் ஏறுகிறோம்.

"எஸ்பிளனேடு" என்கிறேன்.

"ஷியாம்பஜார்" என்கிறார் கொஞ்சம் பொறுத்து. எதிர்த்திசை. சாஸ்திரப்படி செல்லாது என்று ஆட்சேபிக்கிறேன். மறுமுனையில் ஒரு செருமல். ஆட்சேபணை தள்ளுபடி.

"ஹேஸ்டிங்ஸ்."

அவரிடமிருந்து பதில் இல்லை. ஆரம்பத்தில் இந்த இடத்தில் பதறிப்போய், 'அப்பா, லைன்ல இருக்கீங்களா?' என்று கேட்டுவிடுவேன். அவருக்கு எரிச்சல் வரும். வரும் சொல்லும் போய்விடும். இப்போது கேட்பதில்லை. அது நோயின் இடைவெளியா, ஆட்டத்தின் இடைவெளியா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியதும் இல்லை. வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் காத்திருந்தேன். பின்னணியில் அக்கா வீட்டுக் குக்கர் இரண்டு விசில் கொடுத்தது. மூன்றாவது விசிலும் அடங்கியபின், நிதானமாக, கொஞ்சம் குழறலாக, ஆனால் சரியான இடத்தில், அப்பா சொன்னார்: "கிடர்பூர்."

ஆட்டம் அவருக்கு.